நாலரை விரல்

வெள்ளூருணியில் அந்த வருஷம் மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய் விடிந்தபோது, அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த அத்தனை பேர் முதுகிலும் ஒரு கை பதிந்திருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, மருதாணி வைத்துக் கழுவியது போன்ற நிறத்தில் ஒரு பெண்ணின் உள்ளங்கை. ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது. நான்கு விரல்கள் முழுசாக இருந்தன, மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றது.

அதற்காக யாரும் வேலைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. பம்புசெட்டில் குளித்தவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துப் பார்த்தார்கள், சோப்புதான் கரைந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டார்கள். வாத்தியாரும் அதே ஆஸ்பத்திரியில் பிறந்தவர் என்பதால் அவரும் ஒருமுறை காட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். வெளியூரில் பிறந்து வாக்கப்பட்டு வந்த மருமகள்களுக்கு மட்டும் முதுகு வெறுமையாக இருந்தது. அவர்கள் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏமாந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள், முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி திறந்ததிலிருந்து அங்கே பிறந்தவர்களுக்குத்தான் இந்தக் கை, வீட்டில் பிறந்த பெரியவர்களுக்கு இல்லை என்று ஊர் கண்டுகொண்டது. கண்டுகொண்டதும், அது தனக்கு எப்போதும் இருந்த ஒன்றுபோல நடந்துகொண்டது.

பயந்தது ஒரே ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் மோட்சம் அன்று காலை புறநோயாளிகள் பகுதியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு சிறுமியைத் திருப்பி உட்காரவைத்து முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கச் சட்டையைத் தூக்கினார். மோட்சம் நிமிர்ந்து பார்த்தாள். துடைப்பக் கட்டை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் அடித்த சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள், "ஏ, பாத்து" என்று யாரோ அதட்டினார்கள். அவள் குனிந்து கட்டையை இடது கையால் எடுத்தாள். வலது கையைச் சேலை மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டாள். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி வெட்டுகிற மிஷின் அவளுடைய மோதிர விரலில் பாதியை வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் எங்கும் எழுதிவைக்காத ஒரு முறை இருந்தது. பிரசவ அறையில் அம்மாவிடமிருந்து வருகிற ரத்தம், தண்ணீர், மலம், மூத்திரம் எல்லாம் அழுக்கு. அழுக்கு மோட்சத்தின் வேலை. பிள்ளையும் அவற்றோடு சேர்ந்துதான் வருகிறது என்பதால், கழுவித் துடைக்கும்வரை பிள்ளையும் மோட்சத்தின் வேலை. டாக்டர் காலையில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் தன் சொந்த க்ளினிக்குக்குப் போய்விடுவார். நர்ஸ் சொர்ணவல்லி சிஸ்டர் கட்டிலின் தலைமாட்டில் நின்று "முக்கும்மா, முக்கு" என்பார். கால்மாட்டில் நின்று தலையைத் தாங்கி, தோளைத் திருப்பி, கொடி சுற்றியிருந்தால் விலக்கி, பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் தலைகீழாகப் பிடித்து முதுகில் ஓர் அடி கொடுத்து அழவைப்பவள் மோட்சம். கழுவித் துண்டில் சுற்றி மேஜைமேல் வைப்பாள். கையிலிருந்து கைக்குக் கொடுப்பது கிடையாது. மேஜைமேல் வைத்ததும் பிள்ளை சுத்தமாகிவிடும். சொர்ணவல்லி சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஆணா பெண்ணா என்று சொல்லி, திரும்பி வந்து பதிவேட்டில் 'பிரசவம் பார்த்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதுவார். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மூன்று தடவை மாற்றல் வந்தும் சிஸ்டர் போகவில்லை.

ஊர் முதுகில் விழுந்தது அந்த அடிதான் என்பது மோட்சத்துக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

தொட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். வெகு காலத்துக்கு முன்னால் தேர் அச்சு சாய்ந்து வடம் கைவிட்டுப்போனபோது, கூட்டம் நசுங்கிவிடும் என்று பயந்து அவளுடைய தம்பி ஓடிப்போய் வடத்தைப் பிடித்தான். தேர் நின்றது. மறுநாள் அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் உடைத்தார்கள். அவன் இன்றுவரை எந்த ஊரில் எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று தகவல் இல்லை. ஒரு கயிற்றுக்கே அப்படி என்றால், இத்தனை முதுகுக்கு என்ன செய்வார்கள் என்று நினைத்தபடி, மோட்சம் அன்று முழுக்க இடது கையாலேயே தரை துடைத்தாள்.

பிணவறையில் வேலை பார்க்கும் சவுரி அவள் கையைக் கவனித்தவன். மத்தியானம் பின்வாசல் வேப்பமரத்தடியில் சோற்றைப் பிரித்தபோது அவன் சிரித்தான்.

"ஏக்கா, ஊரு முதுகு பூரா ஒன் கைதான் போல."

"வாயை மூடுடா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"எதுக்கு மூடணும்? நீ போட்ட அடி இப்பத்தான் சிவந்துருக்கு. நான் குளிப்பாட்டுன ஆளுங்க எந்திரிச்சு வந்து என்னைக் கைகாட்டாம இருந்தாச் சரி."

"சவுரி, என் தம்பிய மறந்துட்டியா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "மறக்கலக்கா. அதான் சொல்றேன், இந்த வாரமே லீவு போட்டு மக வீட்டுக்குப் போயிரு."

"இப்பப் போனா, எதுக்குப் போனான்னு யோசிப்பாங்க. இன்னும் பதினோரு மாசம்தான் சர்வீஸ்."

"யோசிப்பாங்களா? நீ இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாதே" என்றான் சவுரி.

அவன் சொன்னது பத்தாம் நாள் நிரூபணமானது. யூனியன் சேர்மன் உலகநாதனுக்கு வயது முப்பத்தொன்று, ஆஸ்பத்திரி திறந்த மாதத்தில் அங்கே முதன்முதலாகப் பிறந்தவர் என்று எல்லா மேடையிலும் சொல்லிக்கொள்பவர். தன் முதுகில் இருப்பது யாருடைய கை என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை என்று அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். டாக்டர், சொர்ணவல்லி சிஸ்டர், இன்னொரு நர்ஸ், மருந்து கொடுப்பவர், கிளார்க், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். ஓய்வு பெற்றுப்போன பழைய டாக்டரைக்கூடக் கார் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஐந்து விரல் முழுசாக இருந்தது. அவர்கள் காலடியில், வாளியும் துடைப்பமுமாக, "கொஞ்சம் காலை எடுங்கய்யா" என்று கேட்டுக் கேட்டு மோட்சம் தரையைத் துடைத்துக்கொண்டு போனாள். துடைக்காமல் நின்றால் சந்தேகம் வரும் என்று பயந்துதான் துடைத்தாள். சேர்மன் அவளுக்காக இரண்டு முறை காலைத் தூக்கினார். அவர் கண் அவள் கைக்கு வரவே இல்லை. முப்பத்தொரு வருஷமாக டீயையும் திருநீற்றையும் பண்டிகைத் துணியையும் அவளுக்குத் தரையில் வைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில், கூட வேலை பார்த்த ஓரிருவரைத் தவிர, அவள் கையைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"மனுஷக் கை இல்லைன்னு முடிவாயிருச்சு" என்றார் சேர்மன். "இது சாமி கை."

வரிசையில் நின்ற சொர்ணவல்லி சிஸ்டர் நீட்டிய கையை இன்னும் மடக்காமல் நின்றார். மோட்சம் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் அவளை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அத்தனை வருஷத்தில் மோட்சத்துக்குக் கையுறை கொடுத்ததில்லை, கேட்டபோதெல்லாம் ஸ்டாக் இல்லை.

"மாட்டிக்கோ. அந்த விரலுக்குள்ள பஞ்சை அடைச்சுக்கோ. யாரு முன்னாடியும் கழட்டாத."

"உங்களுக்கு ஒண்ணும் வராது சிஸ்டர். பதிவேட்டுல உங்க பேரு இருக்கு."

"அதான் மோட்சம் எனக்குப் பயமா இருக்கு" என்றார் சிஸ்டர்.

சாமி கை என்று தெரிந்தபிறகு ஊர் அதற்கு ஏற்ப மாறிக்கொண்டது. ஆண்கள் சட்டை போடுவதை விட்டார்கள். டெய்லர்கள் ரவிக்கையின் முதுகில் ஜன்னல் வைத்துத் தைத்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் முதுகைக் கேட்டார்கள். பேருந்து நிலையத்தில் நாலரை டீ ஸ்டால் திறந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த காலனிக்காரர்களுக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே அடி, அதே கை என்பதை மட்டும் ஊரால் ஜீரணிக்க முடியவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், காலனிக்காரர்கள் இனிமேல் எப்போதும் சட்டை போட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவர்களுடைய அப்பன் காலத்தில், தெருவுக்குள் வரும்போது சட்டையைக் கழற்ற வேண்டும் என்று இருந்தது. காலனி ஜனங்கள் அதற்கும் சரி என்று, வேர்க்க வேர்க்கப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள்.

பங்குனியில் சொர்ணவல்லி சிஸ்டர் ஒரு பிரசவத்தைத் தானே பார்த்தார். மோட்சத்தை மறைத்துவிட இதுதான் வழி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்தது, முதுகில் கை விழுந்தது, ஐந்து விரலும் முழுசாக. அந்தப் பிள்ளையின் அப்பன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினான்.

"ஊருக்கெல்லாம் நாலரை, எம்புள்ளைக்கு மட்டும் அஞ்சு! இத எவன் கட்டிக்குவான்? என்ன சிஸ்டர் கொறை வச்சீங்க?"

அதோடு சிஸ்டர் மறுபடி தலைமாட்டுக்குப் போய்விட்டார். கையுறை போட்டாலும் பஞ்சு அடைத்தாலும் மோட்சத்தின் கை அதைத் தாண்டி நாலரையாகவே விழுந்தது. தாய்மார்கள் கும்பிட்டார்கள். அவளையல்ல, கட்டிலுக்கு மேலே காற்றில் எங்கோ பார்த்துக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் மோட்சம் குனிந்து வாளியை எடுத்தாள். எவ்வளவுக்குக் கொண்டாடுகிறார்களோ, தெரியவரும் நாளில் அவ்வளவுக்குக் கொதிப்பார்கள். முதுகுத் தோலை உரிக்க முடியாதவர்கள் யார் தோலை உரிப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டும்போதுகூடக் கையுறையோடு இருந்தாள். தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் சுற்றுவழியாகப் போனாள்.

சித்திரையில் சேர்மன் ஆஸ்பத்திரி முன்வாசலில் ஒரு வளைவு கட்டினார். தூணில் ஆள் உயரத்தில் அந்தக் கையைச் சிமெண்டில் குழிவாக வார்த்திருந்தார்கள். தன் முதுகிலிருந்தே மெழுகில் அச்சு எடுக்கச் சொல்லியிருந்தார். வருகிறவர்கள் குழியில் சந்தனம் தடவி, தங்கள் உள்ளங்கையை அதில் வைத்து எடுத்துவிட்டு உள்ளே போனார்கள். யாருடைய மோதிர விரலும் அந்தக் குழிக்குள் அடங்கவில்லை, மடக்கித்தான் வைத்தார்கள். சாயங்காலத்தில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிக் கழுவ வேண்டும். அது அழுக்கு என்பதால் மோட்சத்தின் வேலையாயிற்று. அவள் ஒரு ஆணியால் தள்ளி நின்று சுரண்டுவாள். குழிக்குள் கையை வைத்ததே இல்லை.

சித்திரை இருபதாம் தேதி மத்தியானம், வெயிலில் சந்தனம் வெடித்துக் கெட்டியாகிவிட்டது. ஆணி வழுக்கியது. சேர்மன் பெண்டாட்டி சுபத்ராவுக்கு வலி கண்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறார்கள், வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கிளார்க் இரண்டு முறை வந்து விரட்டிவிட்டுப் போனார். கையுறை ஈரத்தில் வழுக்கியது. மோட்சம் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, குழிக்குள் விரலைவிட்டு வழித்தாள். வழித்துக்கொண்டிருக்கும்போது கை தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு இடத்தில்கூட இடுக்கு இல்லை. பாதி விரல் அதன் பாதிக்குழியில் போய் முட்டி நின்றது.

அவளுக்குப் பின்னால் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கையை எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். வெயில் மட்டும் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. சேர்மனோடு வந்த இரண்டு ஜீப் ஆட்களும் இறங்கியிருந்தார்கள், அத்தனை பேரும் வெற்று முதுகோடு.

"கையை எடு" என்றார் சேர்மன்.

எடுத்தாள்.

"காட்டு."

காட்டினாள். சந்தனம் பூசிய அந்தக் கையில் மோதிர விரல் பாதியில் நின்றது. சேர்மன் அதைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், பிறகு தன் கையைத் தோளுக்குமேல் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை.

"எப்ப இருந்து?"

"மொதப் புள்ள நீங்கதான்யா" என்றாள் மோட்சம். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், பயத்தில் உண்மை வந்துவிட்டது. "கொடி சுத்தி நீலமா வந்தீங்க. மூச்சு இல்ல. தலைகீழாப் பிடிச்சு முதுகுல ஒரு அடி போட்டேன். அப்புறந்தான் அழுதீங்க."

கூட்டத்தில் யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். சேர்மன் காருக்குள் கைவிட்டு, எதற்கோ வைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டினார். மற்றவர்கள் தோளில் கிடந்த துண்டை விரித்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவன் மட்டும் ஜீப்பின் பின்னால் போய்க் குனிந்து எதையோ எடுத்தான். இரும்பு உரசும் சத்தம் மோட்சத்தின் காதில் விழுந்தது.

அந்த நேரம் காருக்குள் சுபத்ரா அலறினாள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு சொர்ணவல்லி சிஸ்டர் ஓடி வந்தார். சேர்மன் அவர் வழியை மறித்தார்.

"சிஸ்டர், நீங்க பாருங்க. இவ உள்ள வரக்கூடாது."

சிஸ்டர் மோட்சத்தின் கையுறை இல்லாத கையைப் பார்த்தார், பொத்தான் போட்ட சட்டையைப் பார்த்தார். நடந்தது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

"எனக்குத் தெரியாது சார்."

"என்ன தெரியாது?"

"கொடி சுத்தி இருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு. எனக்குப் பழக்கம் இல்ல. முப்பத்தொரு வருஷமா நான் எழுதத்தான் செஞ்சேன் சார். புடிச்சதெல்லாம் அவ." மூச்சு வாங்கியது அவருக்கு. "நீங்க என்னை என்ன வேணா செய்யுங்க. மொதல்ல வழிய விடுங்க."

சேர்மன் நகரவில்லை. காருக்குள்ளிருந்து சுபத்ரா தலையை நீட்டினாள். வெளியூரில் பிறந்தவள், முதுகு வெறுமையானவள்.

"எவ கையா இருந்தா என்னங்க? எம்புள்ள சாகுது இங்க!"

சிஸ்டர், சந்தனமும் வேர்வையுமாக இருந்த மோட்சத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். முதல்முறையாகப் பிடித்தார். பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிள்ளை நீலமாகத்தான் வந்தது, அப்பனைப் போலவே, கொடி இரண்டு சுற்று. மோட்சம் விலக்கினாள், தலைகீழாகப் பிடித்தாள். அடிப்பதற்குக் கை ஓங்கியதும், ஓங்கிய இடத்திலேயே கை நின்றுவிட்டது. அத்தனை பிள்ளைகளை அடித்தபோது, அது யாருடைய கை என்று ஊருக்குத் தெரியாது. இப்போது தெரியும். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கூடிக்கொண்டே இருந்தது.

"அடி மோட்சம்!"

"பயமா இருக்கு சிஸ்டர்."

சிஸ்டர் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு வந்தார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே ஓர் அடி போட்டார். பிள்ளை அசையவில்லை. "பாத்தியா, எனக்கு வரல. எனக்கும் பயந்தான். அடி."

மோட்சம் கண்ணை இறுக்கிக்கொண்டு அடித்தாள். பிள்ளை அழுதது.

துடைத்துப் பார்த்தபோது, அந்தச் சின்ன முதுகு கொள்ளாமல் இரண்டு கைகள் கிடந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஒன்று ஐந்து, ஒன்று நாலரை. சொர்ணவல்லி சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து, 'பிரசவம் பார்த்தவர்' கட்டத்தில் மோட்சம் என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

"வேண்டாம் சிஸ்டர், அடிச்சிருங்க. எழுத்துல இருந்தா விடமாட்டாங்க."

"மை காஞ்சிருச்சு" என்றார் சிஸ்டர். துண்டில் சுற்றிய பிள்ளையை மோட்சம் வழக்கம்போல மேஜையில் வைக்கப் போனாள். சிஸ்டர் மேஜையின்மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார். "வைக்காத. நீயே கொண்டுபோ. நான் பின்னால வர்றேன்."

கதவு திறந்தது. வராந்தா முழுக்க ஆண்கள் நின்றார்கள். சித்திரை வெயிலில் அத்தனை பேரும் கழுத்துவரை பொத்தான் போட்டு, வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, ஒட்டிய சட்டைக்குள்ளே அந்தக் கை சிவப்பாகத் தெரிய, ஒருவன் பின்னால் ஒருவன் நின்றார்கள். தூரத்தில் சவுரி ஒரு ஸ்ட்ரெச்சர் கட்டையைப் பிடித்தபடி நின்றான். முன்னால் உலகநாதன்.

மோட்சம் பழக்கத்தில், பிள்ளையை எங்கே வைப்பது என்று தேடினாள். மேஜை இல்லை. பெஞ்சில் ஆட்கள். தரை ஈரம், அவளே துடைத்தது. உலகநாதனுடைய கண்ணும் அவளைப் போலவே இங்கும் அங்கும் தேடியது. இரண்டு பேருக்கும் நடுவே வைக்க ஓர் இடம் அகப்படவில்லை. துண்டு விலகிப் பிள்ளையின் முதுகு தெரிந்தது. பிள்ளை வீரிட்டது.

அவருடைய கைகள் எழுந்தன. அவை எதற்காக நீள்கின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பியின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் இருட்டில், தன்னைவிட மோசமாக நடுங்குகிற இன்னொரு கையின் சூடு தன் பாதி விரலின்மேல் படுவதும், பிள்ளையின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையை விட்டு இறங்குவதும் தெரிந்தது. பிறகு கை காலியாகிவிட்டது. கண்ணைத் திறக்க அவளுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது.